புகை போக ஒரு வழி

ரூடி கர்வோனென் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வேண்டுமானால் அவர் கையில் சுருட்டு இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கடையில், தேவாலயத்தில், மகன் வீட்டு விருந்தில், எங்கே பார்த்தாலும் வாயில் கொழுக்கட்டை அடைத்தவர் போலத்தான் நிற்பார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பின்முற்றத்து நாற்காலியில் சாய்ந்து ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் மனிதர் வேறு ஆள். மர ஆலையில் எவன் எவனை ஏமாற்றினான் என்பதிலிருந்து, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியது வரைக்கும் நிதானமாக வெளியே வரும். மனைவி டார்லீன் காற்று வீசும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்பாள். புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் பிடிப்பார். டார்லீன் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள்.

போன குளிர்காலத்தில் டார்லீனுக்கு நிமோனியா வந்து, பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனிமேல் அவளுக்குப் புகை ஆகவே ஆகாது என்றார் டாக்டர். ரூடி வீட்டுக்கு வந்த கையோடு சுருட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு கிளிஃபர்ட் பியூட்ரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். பேச்சும் அந்தப் பெட்டியோடு போய்விட்டது.

அன்பில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பார். அவளுக்குப் பிடிக்கும் என்று ஏலக்காய் ரொட்டியைத் தானே பிசைந்து சுட்டு, காப்பியோடு கொண்டுவந்து வைப்பார். ஏதாவது கேட்டால் மட்டும் "ம்". கோடை முழுக்க இந்த "ம்"மைக் கேட்டு டார்லீனுக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு கோபம் வந்தது, கடைசியில் பயம் வந்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவர் இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால், இந்த மனுஷன் மனதில் என்ன வைத்திருந்தார் என்று தெரியாமலே போய்விடுமே! சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை. புகையைக் கெஞ்சிக் கூப்பிடும் மனைவி இந்த ஊரிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே சிரிப்பும் வந்தது.

டாக்டரிடமே போய்க் கேட்டாள். உங்கள் பக்கம் ஒரு இழை புகைகூட வராது என்றால் சரி என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். முதல் பனி விழுந்த அன்று டார்லீன் பேச்சை எடுத்தாள்.

"கராஜைச் சரி பண்ணு ரூடி. நீ அந்தக் கோடியில உக்காந்து புடி, நான் இந்தக் கோடியில இருக்கேன். நடுவுல காத்து ஓடட்டும்."

"வேணாம்."

"உனக்காகன்னு நெனச்சியா? எனக்குப் பேச்சுக்கு ஆள் இல்ல."

ரூடி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். மண்வெட்டிகளும் பழைய பனிவண்டியும் கிளிஃபர்ட் வீட்டுக் கொட்டகைக்கு இடம் மாறின. சுவரில் ஒட்டுப்பலகை அடித்தார், கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார், மின்சார ஹீட்டர் மாட்டினார். தனக்கு ஒரு கோடியில் பெஞ்சும், அவளுக்கு எதிர்க்கோடியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் மெத்தை நாற்காலியும் போட்டார். அந்த ஊரில் பின்லாந்துக்காரர் வீடுகளில் பாதிக்குச் சௌனா கட்டிக் கொடுத்தவர் அவர். அந்த வெந்நீராவிக் குளியல் அறைக்குக் காற்று எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்று அவரிடம் யாரும் வகுப்பு எடுக்க முடியாது. ஹீட்டருக்குக் கீழே ஓர் ஓட்டை போட்டார், காற்று உள்ளே வர. எதிர்ச்சுவரில் பெஞ்சுக்கு அடியில் இன்னோர் ஓட்டை போட்டுச் சின்ன ஃபேன் வைத்தார், அது வெளியே போக.

அங்கேதான் கோட்டை விட்டார். சௌனாவில் வழியைத் தாழ்வாக வைப்பதே, மேலே நிற்கும் சூடு தப்பித்துவிடக்கூடாது என்றுதான். சுருட்டுப் புகையும் சூட்டோடு சேர்ந்து மேலே ஏறும் என்பதை, பாவம், கை மறந்துவிட்டது. வெள்ளோட்டத்தன்று புகை கூரைக்குப் போய்ச் சேர்ந்து, போக வழியில்லாமல் அறையைச் சுற்றிவந்து, நேராக டார்லீன் தலையில் இறங்கியது. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ரூடி பாய்ந்து கதவைத் திறந்து, சுருட்டை வெளியே பனிக்குள் குத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கிளிஃபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சுருட்டுக்கு சௌனா கட்டின ஒரே ஆளு நீதான்டா. இனிமே துண்டக் கட்டிக்கிட்டு உக்காரு."

ரூடி சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பிரித்துப்போட ஆணி பிடுங்கும் கம்பியோடு கராஜுக்குப் போனார். டார்லீன் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டாள். ஓட்டையை மேலே போடு என்றாள். சூடெல்லாம் போய்விடும், உனக்குக் குளிரும் என்றார் அவர். அந்த மாதத்திலேயே அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"போகட்டும். கோட்டு போட்டுக்கறேன், கம்பளி போத்திக்கறேன். இதைப் பிரிச்சேன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன். அப்புறம் இந்த வீட்டுல சத்தத்துக்கு நாய்தான் வாங்கணும்."

மூடிவிட்ட ஓர் ஓட்டல் சமையலறையிலிருந்து கிளிஃபர்ட் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். கூரைக்கு ஒட்டினாற்போல், பெஞ்சுக்கு நேர் மேலே அதைப் பொருத்தினார்கள். ரூடி ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி அறையெல்லாம் சுற்றிப் பார்த்தார். எங்கே பிடித்தாலும் புகை சொன்ன பேச்சுக் கேட்டு ஃபேனுக்கு ஓடியது. பிறகு டார்லீனின் நாற்காலியிலும் தானே உட்கார்ந்து மூக்கால் இழுத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் டார்லீன் பனிக்கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிர்க்கோடியில் ரூடி பற்றவைத்தார். புகை அவர் தலைக்கு மேலே எழுந்து அப்படியே போய்விட்டது. அவள் மூச்சை இழுத்து விட்டாள், சுத்தமான குளிர்காற்று. ரூடி பாதிச் சுருட்டுவரை அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். அவள் இருமமாட்டாள் என்று நம்பிக்கை வந்ததும் தோள் தளர்ந்தது. சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். உதடுகள் அசைந்தன.

ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. ஓட்டல் ஃபேன் அப்படி இரைந்தது. "என்ன?" என்றாள். அவர் மறுபடி சொன்னார். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லிக்கொண்டே தரையைப் பார்த்தார், கையால் முழங்காலைத் தேய்த்தார். ஏதோ பெரிய விஷயம் வருகிறது, ஃபேன் அதையும் புகையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது என்று டார்லீனுக்குப் பட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த பேச்சு! எழுந்து போய் சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் நின்ற மறுகணம் ரூடி சுருட்டை மணல் டப்பாவில் அழுத்தி அணைத்துவிட்டார். பிறகு தன் வெறுங்கையைப் பார்த்தார். இதோ மறுபடி "ம்" என்று சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள். பெஞ்சில் அவர் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்து, அவருடைய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் காரைச் சொன்னேன்" என்றார் ரூடி. "நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அது நம்ம வீட்டு வாசல்லதான் நின்னுச்சு. தெனம் அதுமேல பனிய வழிச்சு, ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். ஒரு நாள் பனி மூடிப்போக விட்டுட்டா நீ வரமாட்டேன்னு தோணிப்போச்சு. யார்கிட்ட சொல்றது அதை?"

டார்லீன் மடியிலிருந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெனமுமா?" என்றாள்.

"தெனமும்தான். விடாம பேஞ்ச அன்னைக்கு ரெண்டு தடவ."