ஐந்தாவது இல்லம்

எங்கள் இடைநிலைப்பள்ளியின் வரலாற்றைச் சொல்ல மேடை ஏறுகிறவர்கள் முதல் பலகைக் கட்டடத்தில் ஆரம்பிப்பார்கள். பிறகு அறிவியல் கூடம் வந்த கதை, மண்டபம் எழுந்த கதை, வாத்தியக் குழுவுக்கு முரசு வாங்கிய கதை. நான் மரவேலைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் ஆரம்பிக்கிறேன். அந்த அறையை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகும் சாலையோரம் இருந்தது பள்ளி. எழுபதுகளின் கடைசியில் செம்பனைத் தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் அப்போது நேராக இடைநிலையின் முதல் வகுப்பான முதல் படிவத்துக்குப் போக முடியாது. மலாய்மொழியைத் தேற்றிக்கொள்ள ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். எல்லோரும் அதை ‘ரிமூவ்’ என்றுதான் சொல்வார்கள். மலாய்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த எங்கள் வயதுப் பிள்ளைகள் முதல் படிவத்தில் இருந்தார்கள். அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, கூட்டித் தள்ள வேண்டிய ஏதோ ஒன்று பட்டறைக்குப் பின்னால் கிடப்பதுபோல் இருக்கும்.

பட்டறையில் பலகை அறுக்க ஆரம்பித்தால் எங்கள் ஆசிரியையின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அறையில் தோட்டத்துத் தமிழர்களும் கம்பம் என்று சொல்லும் கடலோரக் கிராமத்துச் சீனர்களும் கலந்திருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு மீனவரின் மகள். வகுப்பிலேயே உயரமானவள், சட்டையில் எப்போதும் கருவாட்டு வாசனை லேசாக இருக்கும். எனக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் சரியாக வராத மலாயில்தான் பேசிக்கொண்டோம். இருவரும் தப்பாகப் பேசியதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. சீக்கிரமே நெருங்கிவிட்டோம்.

பள்ளியில் ஒன்றுக்கும் குறைவில்லை. சாரணர், போலீஸ் கேடட், நாடகக் குழு, விவசாயத் தோட்டம், பெண்களுக்குச் சமையலும் தையலும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது திடல். தோட்டத்தில் லோரியைத் துரத்திக்கொண்டு ஓடி வளர்ந்தவள் நான். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு விளையாட்டு இல்லங்கள் இருந்தன. ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஓர் இல்லத்தைச் சேர்ந்தவர். இல்லத்தின் பெயரில்தான் ஓட முடியும்.

விளையாட்டுப் போட்டி நெருங்கியபோது, எல்லா ஆசிரியர்களையும் போல நாங்கள் ‘சிக்கு’ என்று அழைக்கும் விளையாட்டு ஆசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்தார். எனக்கு எந்த இல்லம் வரும் என்று மனத்துக்குள் நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லங்களைப் பற்றியே பேசவில்லை. போட்டி நாளில் யார் ஐஸ் தண்ணீர் தூக்குவது, யார் குப்பை பொறுக்குவது, யார் நாற்காலி போடுவது என்று பிரித்துக் கொடுத்தார். மீனவர் மகள் எழுந்து, எங்களுக்கு எந்த இல்லம் என்று கேட்டாள். புகுமுக வகுப்புக்கு இல்லம் கிடையாது, அடுத்த வருடம் முதல் படிவத்துக்கு வந்தால் கிடைக்கும் என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் திடல் நனையும் என்று சொல்வதுபோல் சொன்னார். இருப்பது நான்கே இல்லங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் என்னிடம் திரும்பினாள். “அப்போ நாம ஐந்து,” என்றாள் மலாயில்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஐந்தாவது இல்லமாக அணிவகுப்பில் நாமும் நடப்போம் என்று கைகளை வீசிக் காட்டினாள். வகுப்பில் சிலர் பயந்தார்கள். ஒரு பையன், பள்ளியை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றான். ஏற்கெனவே நம்மைப் பட்டறைக்குப் பின்னால்தானே வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் எங்கே துரத்துவார்கள் என்று நான் கேட்டேன். 

நிறம் வேண்டுமே. நான்கு நிறங்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் பழைய கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்று இருந்தது. அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை. வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழும் என்று தயாராக நின்றேன். அம்மா உள்ளே போய்ச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கீறல் போட்டு என் கையில் கொடுத்தார்.

“கிழிக்கிறதுன்னா நேரா கிழி. கோணலா இருந்தா, இதுங்களுக்கு இதுகூட தெரியலன்னு சொல்லுவாங்க லா.”

கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொள்ள எல்லோருக்கும் போதுமான பட்டைகள் தேறின. பட்டறைச் சத்தம் கேட்காத இடைவேளைகளில் அறைக்குப் பின்னால் நடந்து பழகினோம். இடது, வலது என்று மலாயில் உரக்கச் சொல்லிக் கால் போட்டோம். அந்த வருடம் நான் முதலில் தடுமாறாமல் சொன்ன மலாய்ச் சொற்கள் அவைதான்.

போட்டி நாள் வந்தது. மாவட்டத்து அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். கூடாரத்தில் அவரும் பள்ளி முதல்வரும் முன் வரிசையில் இருந்தார்கள். வாத்தியக் குழு முழங்க நான்கு இல்லங்களும் வரிசையாக நடந்தன. பிறகு சாரணர், கேடட். வாத்தியம் நின்றது. திடலின் மூலையில் ஐஸ் தண்ணீர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் பட்டைகளைக் கட்டிக்கொண்டோம்.  மீனவர் மகள் முன்னால் போய் நின்று காலைத் தூக்கினாள்.

முரசு இல்லாமல் நடந்தோம்.  எங்கள் காலடிச் சத்தமும் அவள் குரலும்தான் கேட்டன. பாதி வழியில் கட்டொழுங்கு ஆசிரியர் திடலுக்குள் ஓடிவந்து வெளியே போகச் சொன்னார். எனக்குப் பின்னால் யாரோ விசும்புவது கேட்டது. முன்னால் போனவள் திரும்பவே இல்லை. அவள் நிற்காததால் நாங்களும் நிற்கவில்லை. அவர் எங்கள் பக்கத்திலேயே திட்டிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவரும் எங்களோடு அணிவகுத்து வருவதாகத்தான் தெரிந்திருக்கும்.

கூடாரத்தின் முன் வந்து, மற்ற அணிகளைப் போல மரியாதையாக அதன் பக்கம் முகத்தைத் திருப்பினோம். விருந்தினருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்னோர் அணி வருகிறது என்று நினைத்து, மற்ற அணிகளுக்குச் செய்ததைப் போலவே எழுந்து நின்று கை உயர்த்தினார். விருந்தினர் எழுந்த பிறகு முதல்வர் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் எழுந்தார். வரிசை முழுக்க எழுந்தது. எங்களுக்காக.

திங்கட்கிழமை தண்டனை கிடைத்தது. கொடிக்கம்பத்தின் கீழே வெயிலில் நிறுத்தினார்கள். தூண்டிவிட்டவர்கள் என்று என்னையும் அவளையும் தனியாகப் பிடித்துப் பெற்றோரை வரச் சொன்னார்கள். அவள் அப்பா கடலுக்குப் போயிருந்தார். என் அம்மா வந்தார், கோயிலுக்குக் கட்டும் சேலையில். முதல்வர் ஒழுங்கைப் பற்றி நீளமாகப் பேசினார். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் பேசிப் பழகிய மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“என் பிள்ளை நடந்துச்சு, அவ்வளவுதான். நடக்கிறதும் தப்பா, துவான்?”

 போகலாம் என்று மட்டும் சொன்னார் முதல்வர். வெளியே வந்ததும் அம்மா என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. பள்ளிக் கென்டினில் ஒரு தட்டு மீகோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த வருடம் முதல் படிவத்துக்குப் போனோம். எனக்கு மஞ்சள் இல்லம், அவளுக்குப் பச்சை. நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு விளையாட்டு ஆசிரியர் என் பெயரை ஓட்டத்துக்கு எழுத வந்தார். பட்டறைக்குப் பின்னால் இப்போது புதிய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த இல்லம் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார்.

“அப்படின்னா நான் ஓடலை, சிக்கு,” என்றேன்.

 ஓடுவதற்காகவே அந்த ஒரு வருடத்தைத் தள்ளியவள் நான். பச்சை இல்லத்தில் அவளும் உயரம் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல அது. மற்றவர்கள் பயிற்சி செய்த காலைகளில் நான் வேலியோரம் நின்று பார்த்தேன். கால்கள் தானாகத் துடிக்கும். இல்லத் தலைவி வந்து, உன் ஒருத்தியால் மஞ்சள் தோற்கப் போகிறது என்று சண்டை பிடித்தாள். தோற்கட்டும் என்றேன்.

ஆசிரியர்கள் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. விளையாட்டு ஆசிரியர்தான் பேசியிருக்க வேண்டும். ஒரு நாள் காலை புகுமுக வகுப்புப் பிள்ளைகள் நான்கு வரிசைகளாகப் பிரிந்து திடலில் நின்றார்கள். எங்கள் மஞ்சளில் சேர்ந்த ஒரு சிறுமி, சட்டை தோளில் தொங்க, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றுகூடத் தெரியாமல் நின்றாள். எங்களுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. எனக்கு அவை தேவைப்படவும் இல்லை.

அந்த வருடம் ஓடினேன். பயிற்சி இல்லாத கால்கள், மூன்றாவதாகத்தான் வந்தேன். முன்பே பயிற்சிக்கு வந்திருந்தால் முதலாவதாக வந்திருப்பாய் என்று விளையாட்டு ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார். வந்திருப்பேன் என்று எனக்கும் தெரியும். மூச்சு வாங்க அவர் முகத்தைப் பார்த்து, அடுத்த வருடம் வருகிறேன் என்றேன்.