பிள்ளையாருக்கு ஒரு திரை

ஜெர்மனியின் பான் நகரில் எந்த உணவகத்தில் கேட்டாலும் வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவரக் கூடாது என்றார்கள். எங்கள் ஜெர்மன் தோழிக்கோ, அவள் அப்பா முதன்முதலாகப் போட்ட வைனை எங்களோடு சேர்ந்து குடிக்க வேண்டும் என்று ஆசை. கடைசியில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சின்னச் சாப்பாட்டுக் கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கொண்டு வாங்கோ தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும் ஏலாது."

சனிக்கிழமை போனோம். கடைக்காரருக்கு நெற்றியில் திருநீறு, திருநீற்றுக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, குழம்புக் கறை படிந்த ஏப்ரன். நாங்கள் கார்க்கைத் திருகத் தொடங்கியதும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்தின் சின்னத் திரையை இழுத்துவிட்டார். பிறகு தானே கிளாஸ்களைத் துடைத்து எங்கள்முன் வைத்தார்.

"திரை போட்டால் அவருக்குத் தெரியாதா அண்ணா?" என்று சீண்டினேன்.

"தெரியும். ஆனா நேரில பாத்திட்டார் எண்டால் அவருக்குத்தானே சங்கடம்."

வைன் சுமார்தான். ஆட்டுக்கறி அதைக் காப்பாற்றியது. தோழியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. புறப்படும்போதுதான் கவனித்தேன்: திரை முழுதாக மூடவில்லை, ஓரத்தில் விரலளவு இடைவெளி.

"கொஞ்சம் திறந்திருக்கே?"

"ஓம், வேணுமெண்டுதான். முழுக்க மூடினால் கல்லாவை ஆர் பாக்கிறது?"

அவரைக் கேலி செய்யத்தான் கேட்டேன். ஆனால் இப்போதெல்லாம் பாட்டிலோடு அங்கே போனால், அந்த இடைவெளிக்குத் தெரியாத நாற்காலியாகத் தேடித்தான் உட்காருகிறேன்.