பாஞ்சாலை எடுத்த அளவு

பாஞ்சாலை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது போலவே பேசுவாள். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக அச்சுப் பிரிவில் வேலை. பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எட்டு அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் அவள் ஒரு நூல்கூடப் பிசகியதில்லை. பிசகியதில்லை என்பதை யாரையும் மறக்க விட்டதும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் தம்பி ராஜ்மோகன் ஆலடி ரோட்டில் வீடு கட்டினான். அவனுக்குச் சிதம்பரத்தில் பேங்கு வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். "அளவெல்லாம் அக்கா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டான். அவன் மனைவி பூர்ணிமா பி.இ., அதுவும் சிவில். தன் வீட்டுக்குத் தானே அளவெடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"நீ படிச்சது பொஸ்தகத்துல. நான் படிச்சது சூளையில" என்று பாஞ்சாலை டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செங்கல் வந்தது, சிமெண்டு வந்தது, வீடும் எழும்பியது. அங்கே யார் அளவு செல்லும் என்ற சண்டை மட்டும் வாய் திறக்காமல் நடந்துகொண்டிருந்தது.

பூச்சு முடிந்த சமயத்தில் பாஞ்சாலை ஒரு கடைக் காலண்டரில் மலையாளத்து வீடு ஒன்றைப் பார்த்துவிட்டாள். கூரை விளிம்புக்கு அடியில் வரிசையாக, யானைத் துதிக்கை போல வளைந்த மரத் தாங்கிகள். முன்பக்கச் சன்ஷேடுக்கு அடியில் அதே மாதிரி ஆறு வேண்டும் என்றாள்.

"கான்கிரீட்டு தானாவே நிக்குது அண்ணி. தாங்கி எதுக்கு?" என்றாள் பூர்ணிமா.

"உன் காதுல கம்மல் எதைத் தாங்குது?"

சன்ஷேடு இருபத்துநான்கு அங்குலம் வெளியே நீண்டிருந்தது. பாஞ்சாலை மூன்று தடவை அளந்தாள். கருவேப்பிலங்குறிச்சித் தச்சர் ஜெயராஜிடம் இருபத்தேழு என்று சொன்னாள்.

"ரெண்டு அடி சன்ஷேடுக்கு ரெண்டேகால் அடிக் கட்டையாக்கா?"

"சுருங்குமில்ல?"

"மரம் அகலத்துல கொஞ்சம் இறுகும். நீளத்துல எங்க சுருங்குது?"

"சுருக்கத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? குடுத்த அளவுக்கு அறு."

ஜெயராஜ் அறுத்தார். அறுத்தது தேக்கைத்தானே, தன் விரலையா?

புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள் ஆறு தாங்கிகளும் ஏறின. ஒவ்வொன்றும் சன்ஷேடைத் தாண்டி மூன்று அங்குலம் துருத்திக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் நாக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. முனையை அறுத்துவிடலாமா என்று ஜெயராஜ் கேட்டார். முனையில்தான் தாமரைப்பூ செதுக்கியிருந்தது.

"ரெண்டு வெயில் படட்டும். சரியாப் போவும்" என்றாள் பாஞ்சாலை.

பூர்ணிமா அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாஞ்சாலை பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் வேப்பூரிலிருந்து பூர்ணிமாவின் அப்பா கோவிந்தராசு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, கட்டையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது?"

"கட்டை சரியாத்தான் இருக்குது மாமா" என்று முந்திக்கொண்டாள் பாஞ்சாலை. "மேஸ்திரிதான் கூரையைக் குட்டையா போட்டுட்டான்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ராஜ்மோகன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிளானில் இரண்டு அடி என்றுதான் இருக்கிறது, பிளானே பூர்ணிமா போட்டதுதான். பூர்ணிமா வாய் திறந்தால் இத்தனை உறவுக்காரர் நடுவில் இருபத்தாறு வருடப் பெருமை அவிழ்ந்து விழும். பாஞ்சாலையின் கை இடுப்பில் டேப்பைத் தேடியது.

"ஆமாப்பா, கூரைதான் குட்டை" என்றாள் பூர்ணிமா.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, முன்பக்கச் சன்ஷேடை மூன்று அங்குலம் நீட்டிக் கொடுத்தார். மற்ற மூன்று பக்கமும் பழைய அளவுதான். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது வீடு. "என் அளவுக்கு வூட்டையே மாத்துனாங்க" என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னாள் பாஞ்சாலை. சொன்னதில் பொய் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரைக்கு அளவெடுக்கத் தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே பூர்ணிமா சிரித்த முகத்தோடு எதிரே வந்தாள்.

"திரைக்கு நானே அளவெடுத்துத் தைக்கக் குடுத்துட்டேன் அண்ணி. நீங்க உக்காருங்க, டீ போட்டு எடுத்தாரேன்."

பாஞ்சாலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூரைதான் குட்டை என்று சொன்ன அந்த வாய் எதிரே சிரித்துக்கொண்டு நின்றது. டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீ நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.