உமி குடித்த எண்ணெய்

உலகநாதன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். பந்தியில் சாம்பார் தன் இலைக்கு வராமல் போனாலும் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிற ஆள். ஊரில் இதற்கு நல்ல மனுஷன் என்று பெயர். அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன் நான். எனக்கு இதில் என்றைக்கும் உடன்பாடு கிடையாது. வாய் திறக்கப் பயப்படுகிறவனை நல்லவன் நல்லவன் என்று சொல்லியே நாம் கெடுத்துவிடுகிறோம்.

செலியமேட்டிலிருந்து பாகூர் போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே சாமிநாதன் சாரின் பண்ணை வீடு இருக்கிறது. சார் குடும்பம் புதுச்சேரியில். சனி ஞாயிறுகளில்தான் வருவார்கள். வீட்டைச் சுற்றிலும் புல்தரை. கரும்பு வெட்டி இடுப்பு போனபிறகு உலகநாதன் அங்கே காவலுக்கும் தோட்ட வேலைக்கும் சேர்ந்தான். தோட்டச் சாமான் போடுகிற ஷெட்டை ஒட்டி ஓர் அறை, பின்னால் வெந்நீர் அடுப்பு. அவனும் மனைவி செல்வகுமாரியும் அங்கேயே தங்கிக்கொண்டார்கள். மகள் கல்யாணத்தோடு சொந்த வீடு கைவிட்டுப் போயிருந்தது. அந்த அறையும் போனால் தெருதான். அவனுக்கு முன்னால் வேலை பார்த்த செல்லக்கண்ணு, தண்ணீர் மோட்டாரைப் புகையவிட்டதால் அன்றைக்கே மூட்டை கட்டினான் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அதை உலகநாதன் மறக்கவே இல்லை.

செல்வகுமாரி அவனுக்கு நேர் எதிர். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை மறுநாள் நடுரோட்டில் மறித்து டிரைவரிடம் நியாயம் கேட்டவள். கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு வாசனை மட்டும் திரும்பவில்லை. பால் கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. குழம்பு கெட்டுப்போனதா என்று பார்க்க அவனைத்தான் கூப்பிடுவாள்.

"இந்தா, மோந்து சொல்லு. நீதான்யா எனக்கு மூக்கு."

அவனும் மோந்து பார்த்து உண்மையைச் சொல்லுவான். அந்த வருஷத்து ஆடி மழை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சார் பெட்ரோலில் ஓடுகிற புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். ஆடியில் மழை விழத் தொடங்கியதும், அடியில் அப்பியிருந்த புல்லைச் சுரண்ட அதை ஒருக்களித்துச் சாய்த்தவன் அப்படியே விட்டுவிட்டான். ஷெட்டில் இடமும் இல்லை. குளியலறைக்கென்று சார் வாங்கிய டைல்ஸ் பெட்டிகள் தரையை அடைத்துக்கொண்டிருந்தன. மெஷினை நிமிர்த்தி வைக்க வழியில்லை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் என்று அவன் புழங்கிய எதையும் எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் ஆனதில்லை. இதையும் அப்படித்தான் நினைத்தான்.

அடுத்த முறை கயிற்றை இழுத்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து அவனையே மறைத்தது. மெஷின் கிடந்த இடத்தில் தரை கறுத்திருந்தது. பயந்துபோய் அதை பாகூரில் மெக்கானிக் அஷ்ரப்பின் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அஷ்ரப் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தான்; எண்ணெய் சொட்டியது.

"படுக்க வெச்சியாண்ணே?"

"எடம் இல்லபா."

"எடம் இல்லன்னா எடம் பண்ணு. இது நிக்கணும். படுத்தா ஆயிலு ஃபில்டருல எறங்கும், மூடி வழியா பெட்ரோலும் கசியும். ஆயிலு போனா போவுது. பெட்ரோலு வூட்டுப் பக்கத்துலயே கசிஞ்சா இன்னா ஆவும்? சார்கிட்ட சொல்லி அந்தப் பொட்டிங்கள எடுக்கச் சொல்லு."

"சரிபா."

ஞாயிற்றுக்கிழமை சார் எதிரில் போய் நின்றான். இளநீர் பறிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

பிறகு ரைஸ்மில்லில் இருந்து ஒரு மூட்டை உமி கொண்டுவந்தான். மெஷினுக்கு அடியில் பரப்பினான். உமி எண்ணெயை நன்றாகவே குடித்தது. தரையில் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. ஊறிப்போனால் மேலே இன்னொரு கை போடுவான். ஆவணி, புரட்டாசி மழை முழுக்க அந்தக் குவியல் வளர்ந்துகொண்டே இருந்தது. கதவைத் திறந்தால் மூக்கை அறுக்கும் பெட்ரோல் வாடை. செல்வகுமாரி ஒருநாள் எட்டிப்பார்த்துக் கேட்டாள்.

"இன்னாயா இது, உமி இப்பிடி நனைஞ்சு கெடக்குது?"

"கூரை ஒழுகுது. மழைத் தண்ணி."

அவளிடம் உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே சாருக்குப் போன் போடுவாள். பேச்சு பெரிதாகும், அறை போகும். இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். அவளுக்கு வாசனை தெரியாதது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது. இதையெல்லாம் பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான். கேட்டபோது எனக்கு அவனைக் கன்னத்தில் ஓர் அறை விடலாமா என்று இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டேங்கை நிரப்பிப் புல் வெட்டி, மிச்ச பெட்ரோலோடு மெஷினைப் பழையபடி படுக்கவைத்தான். மறுநாள் காலை பொரியும் பூசணிக்காயும் பூவும் வாங்க பாகூருக்குக் கிளம்பும்போது சொன்னான்.

"ஷெட்ட நான் வந்து கழுவிக்கிறேன். நீ போவாத."

"சரி, போயிட்டு வா."

அவனுடைய இடுப்பு வலி அவளுக்குத் தெரியும். அவன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று துடைப்பத்தோடு ஷெட்டுக்குள் போய்விட்டாள். மெஷினை நிமிர்த்தித் துடைத்தாள். குவிந்திருந்த உமியைக் கூடையில் அள்ளினாள். விவசாய வீட்டில் பிறந்த பெண் உமியைக் குப்பையில் கொட்டமாட்டாள். அது அடுப்புக்கு ஆகும். வெந்நீர் அடுப்பில் கரும்புச் சருகு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவனுக்குத்தான் தண்ணீர் காய வைத்திருந்தாள். ஈர உமி மெல்லப் புகைந்து நேரம் தாங்கும், சருகு மிச்சம் என்று நினைத்தாள்.

உலகநாதன் சைக்கிளோடு கேட்டைத் தாண்டியதும் வாடை முகத்தில் அடித்தது. ஷெட்டுப் பக்கம் இருந்து வரவில்லை, பின்பக்கம் இருந்து வந்தது. பூசணிக்காய் கீழே விழுந்து உடைய, ஓடினான். அடுப்புக்கு முன்னால் அவள் குனிந்து கூடையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"குமாரி, போடாத. கீழ போடு."

ஆயுசில் முதல் முறையாக அவன் கத்தியிருக்கிறான். அவள் என்னவென்று திரும்பிப் பார்த்தாள். கூடை அதற்குள் கவிழ்ந்துவிட்டது. நெருப்பு அடுப்பில் நிற்கவில்லை, கூடையில் ஏறி, நைலக்ஸ் புடவையில் ஏறியது. கோணிச்சாக்கைப் போட்டு அவன்தான் அணைத்தான். அவன் கைகளும் வெந்தன.

சார் மறுநாளே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஷெட்டுக்குள் நின்றார். டைல்ஸ் பெட்டிகளை ஆள் வைத்து போர்டிகோவுக்கு மாற்றச் சொன்னார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே உலகநாதா" என்றார். செல்லக்கண்ணு தானாகத்தான் வேலையை விட்டுப் போனான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மெஷின் இப்போது ஷெட்டுக்கு நடுவில், நான்கு பக்கமும் காலியாக, நிமிர்ந்து நிற்கிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது செல்வகுமாரிக்கு முகத்திலும் இரண்டு கையிலும் கட்டு. உதடு மட்டும் தெரிந்தது. உலகநாதன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஈர உமி எப்பிடியா அப்பிடிப் பத்திச்சு? எனக்குத்தான் மூக்கு இல்ல. நீ மோந்திருப்பல்ல, சொல்லு. அது மழைத் தண்ணிதானே?"

அவன் எழுந்தான். இளநீர் வாங்கி வரட்டுமா என்று அவளிடம் கேட்டான்.