புதியது என்று ஒரு சான்றிதழ்

பாடன் நகரில் சிலை செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் காகிதம் தயாரிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அதில் கியான்மான் தாம்ராகார் எமகாதகர். பழங்காலச் சிலை நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றும் புதியதுதான் என்று எழுதி, உயரம், எடை, உலோகம் குறித்து, தொல்பொருள் அலுவலகத்தில் காட்டி அரக்கு முத்திரை வாங்க வேண்டும். படம் ஒட்டும் வழக்கமெல்லாம் அப்போது இல்லை.

வாங்குகிற வெள்ளைக்காரனுக்கோ புதுசு பிடிக்காது. அவனுக்காகவே சிலைகளைப் புகையில் காட்டி, சேற்றில் புதைத்துப் பழசாக்குவார்கள். பார்த்துப் பார்த்து, பழசு என்றாலே வேஷம் என்று கியான்மானுக்கு ஆகிவிட்டது.

தசைன் பண்டிகை முடிந்த வாரம் தரகன் லோகேந்திரன் ஒரு சின்ன அம்மன் சிலையைக் கொண்டுவந்தான். ஜெர்மனிக்குப் போக வேண்டுமாம்.

"காதுக்குள்ள குங்குமம் கூட அப்பி வச்சிருக்கான் பாரு. யாரு கைவேலைடா இது?" என்று சிரித்தார் கியான்மான்.

"சொன்னா நேரா அவன்கிட்டயே போயிடுவீங்கண்ணே."

அளந்தார், எடை போட்டார், எழுதினார். கியான்மான் எழுதினால் அலுவலகத்தில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சிலை விமானம் ஏறிவிட்டது.

அவர் தெருக் கோவிலில் வசுந்தரா தேவி இருந்தாள். உடம்பெல்லாம் குங்குமம் தடித்துப் போய், முகத்தையும் மூடிச் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை திரைக்குள் பூசாரி மட்டும் துணியைக் களைந்து குளிப்பாட்டுவார். பழைய பூசாரி செத்துப்போய், புதியவர் அந்த வருஷம் துணியை அவிழ்த்தார். உள்ளே ஒரு செங்கல் இருந்தது. கியான்மானின் மனைவி நானிமாயா அன்று காலையிலும் அதற்குத்தான் பொட்டு வைத்துக் கும்பிட்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "சிலை எப்படி இருக்கும்? அடையாளம் சொன்னாத்தான் எந்த ஊர்ல இருந்தாலும் கேட்டு வாங்க முடியும்."

தெருவே கூடியிருந்தது. அவள் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

கியான்மானுக்கு அந்தக் காதுக் குங்குமம் நினைவுக்கு வந்தது. அது வேஷமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பொட்டு வைத்த விரலோடு பக்கத்தில் நின்ற நானிமாயாவைப் பார்த்த பிறகு மறைக்க மனம் வரவில்லை.

"நான்தான் அனுப்பிட்டேன். புதுசுன்னு என் கையால எழுதி அனுப்பிட்டேன்."

காறித் துப்புவார்கள் என்று தலைகுனிந்து நின்றார். நானிமாயா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க அவளைப் பாத்திருக்கீங்க. முகம் எப்படிங்க இருந்துச்சு?"

கிழவிகள் நெருங்கி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கியான்மான் கண்ணை மூடி யோசித்தார். எத்தனையோ முகங்கள் வந்தன. அவள் முகம் மட்டும் வரவில்லை. பாவி, கையில் வைத்துக்கொண்டும் அவர் பார்க்கவில்லை.

"ஒன்பது அங்குலம்," என்றார். "ரெண்டேகால் கிலோ. செம்பு."