சிக்கந்தர் பாயின் வாரத்து ஆடுகள்

சிக்கந்தர் பாய் யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார். கேட்டால் ஆடு கொடுப்பார்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவருடைய ஆடு நின்றது. வாரத்துக்கு விட்ட ஆடு. பெட்டை அவருடையது, மேய்ப்பது நாம், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. ஆடு செத்தால் நட்டம் அவருக்கு. நமக்கு மேய்த்த உழைப்பு போகும். அப்படி வளர்த்த குட்டிகளை விற்றுத்தான் அம்மா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. எம்.ஏ. வகுப்பில் இஸ்லாமியப் பொருளாதாரம் என்று ஒரு பாடம் வந்தது. லாபத்தைப் பகிர்வது, முதல் போட்டவரே நட்டத்தைச் சுமப்பது என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எனக்குப் பாயின் ஆடுகள்தான் கண்ணில் வந்தன. படித்து முடித்து வேலை கிடைக்காமல் அவரோடு பைக்கில் சுற்றினேன். இதை ஊர் ஊராகக் கொண்டுபோகலாம் என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் திட்டம்கூட எழுதிக்கொண்டிருந்தேன்.

அவருடைய அத்தா லாரி வாங்க வட்டிக்குக் கடன் பட்டவர். அதை அடைக்க பாய் குவைத் பாலைவனத்தில் எட்டு வருடம் யாருடைய ஆட்டையோ மேய்த்தார். அனுப்பியதெல்லாம் வட்டிக்கே போனது. அத்தா உடம்புக்கு முடியாமல் மௌத்தானபோது அசல் அப்படியே நின்றது. "இந்தத் தெருவுல ஒரு ஆளையும் அந்த வட்டி வாசலுக்குப் போக வுடக்கூடாது தம்பி. எனக்கு அது போதும்" என்பார்.

செத்த ஆட்டின் காதை அறுத்து உரியவரிடம் காட்டுவது இங்கே வழக்கம். காட்டாவிட்டால் விற்றுவிட்டதாகப் பேச்சு வரும். பாய் கேட்டதில்லை, அவர்களே கொண்டுவருவார்கள். போன ஐப்பசியில் கண்ணகி ஒரு காதை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தாள்.

"கழிசல் பாய். விடியறதுக்குள்ள போயிடுச்சு."

அவளிடம் விட்டது கறுப்பு ஆடு. இலையில் இருந்த காதில் செம்பட்டை மயிர். கறிக்கடையில் கேட்டால் காது கிடைக்கும். ஆட்டை விற்றுத் திங்கட்கிழமைக் குழுக்கடன் தவணையைக் கட்டிவிட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். பாய் அந்தக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, அல்லா நாடுனது" என்று அனுப்பிவிட்டார். தன் சினை ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு போன செல்வம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்ரீத்துக்கு முன்னால் செல்வம்மாள் வீட்டுக்குக் குட்டி பிரிக்கப் போனோம். உறவென்று ஊரில் வேறு யாரும் இல்லாமல் ஒண்டியாக இருப்பவள். தாய் ஆட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிகளைக் கட்டி வைத்திருந்தாள்.

"கொழுத்தது உங்களுக்கு பாய். இந்த நோஞ்சான் எனக்குப் போதும். என்னாட்டமே இருக்கு."

"அதெல்லாம் வேணாம். தம்பி கண்ண மூடிட்டு ஒண்ணத் தொடட்டும்" என்று பாய் சிரித்தார்.

நான் கண்ணை மூடியபோது பைக் சத்தம் கேட்டது. குழுக்கடன் வசூலிக்கும் பையன்.

"செல்வம்மாக்கா, ஆட்டுக்கு வாங்குன கடன்ல ரெண்டு தவணை நிக்குது. பாயே வந்துருக்காரு, அவருகிட்ட கேளேன்."

"எந்த ஆட்டுக்கு?" என்றார் பாய்.

செல்வம்மாள் குட்டியின் கயிற்றை அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

"உங்க ஆடு கார்த்திகை மழையில பள்ளத்துல வுழுந்துருச்சு பாய். மேல வரவே இல்ல. இது அதே நெறத்துல தேடி நான் வாங்குன சினை ஆடு."

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட, தண்ணீர் நிறைந்த சுண்ணாம்புக்கல் பள்ளம் அது. மேய்ச்சல் நிலமெல்லாம் பள்ளமான பிறகு அதன் விளிம்பில்தான் புல் இருக்கிறது. ஆழம் யாருக்கும் தெரியாது.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. நம்ப மாட்டேனா?"

"காதில்லாம எப்புடி வர்றது பாய்? கண்ணகி கொண்டாந்தத அப்புடித் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே. நான் அங்கதான நின்னேன்."

பாய் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தப் பையனிடம், "அசல நான் கட்டிடுறேன், எழுதிக்க" என்றார்.

"அசல மட்டும் கட்ட முடியாதுங்க பாய். எது கொடுத்தாலும் மொதல்ல வட்டிக்குத்தான் போவும்."

சட்டைப் பைக்குப் போன கை அங்கேயே நின்றது. எழுந்து, "செத்ததுதாம்மா என் ஆடு. இது உன்னது, குட்டி ரெண்டும் உன்னது" என்றார்.

"அப்ப என்னை வாரத்துலேர்ந்து எடுத்துட்டீங்களா பாய்?"



அந்த வாரமே பாய் வீடு வீடாகப் போய், இனி யாரும் காது கொண்டுவர வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்று சொன்னார். அதன்பிறகு ஆடுகள் வரிசையாகச் செத்தன. ஒவ்வொருத்தியும் அழுதுகொண்டே வந்து சொன்னாள். எல்லோரிடமும் "சரிம்மா" என்றார். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எல்லா வாசலிலும் திங்கட்கிழமை அந்த பைக் நின்றது. நட்டம் வேறொருவருக்கு என்றால் பொய் சொல்லத் தோன்றுகிற இந்த நிலைமைக்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. அதை அந்தப் பெண்களுக்கு வைக்க மனம் வரவில்லை. என் அம்மா எப்போதாவது காது கொண்டுபோயிருக்கிறாளா என்று ஒருநாள் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் நானும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் ஆகிவிடுவேன். திட்டத்தை அனுப்பவும் இல்லை. செல்வம்மாள் காது இல்லாமல் கடனுக்குப் போனதை என்ன தலைப்பின் கீழ் எழுதுவது?

மழைக்காலம் வந்தபோது பாயிடம் ஒரே ஒரு ஆடு மிஞ்சியது. ஐம்பது வயதுக்கு மேல் அவர் மறுபடி குவைத்துக்குப் போனார். அதே ஆடு மேய்க்கிற வேலை. கிளம்பும் அன்று கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"செல்வம்மாகிட்ட கொடுத்துடு. வாரமில்ல, அவளுக்கே. கணக்குத் தீரட்டும்."

செல்வம்மாள் அதற்குள் தன் ஆட்டையும் குட்டிகளையும் விற்றுவிட்டாள். கடன் மட்டும் தீரவில்லை. அவளுக்கே என்று சொல்லி நான் நீட்டிய கயிற்றை அவள் தொடவில்லை.

"வேணாம் தம்பி. என்னதுன்னு சொன்னாலும் இது அவரு ஆடுதான். இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அவரும் இல்லாத ஊர்ல நான் எதக் கொண்டுபோயி யாருகிட்ட காட்டுறது?"

ஆட்டை எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அது பள்ளத்துப் பக்கமே இழுத்தது. புல் அங்கேதான் இருக்கிறது.