கடைசி விசில்வரை ஒரு ஃபோர்வேர்ட்

எங்கள் உதைபந்தாட்ட அணியில் வீணாக ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் நான்தான் மோசம். இடது ஓரத்தில் தொடங்குவேன்; பந்து போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், மூச்சு வாங்கி, எனக்குரிய இடம் எது என்பதையே மறந்துவிடுவேன். இந்த நாட்டிலும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஓர் அறை, ஹோம்புஷில் ஒரு ஃபிளாட், நடுவில் மெல்பேர்னுக்கு ஓடி அங்கேயும் நிலைக்காமல் திரும்பி, கடைசியில் வென்ட்வேர்த்வில். இப்படிப்பட்ட ஒருவனுக்கு, நிற்கத் தெரிந்த மனிதரைக் கண்டால் பொறாமைதான் வரும்.

அவர் ருமேனியர். எங்கள் கப்டன் அண்ணையோடு ஒரே களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாங்கள் விளையாடுவது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான லீக். வாரத்துக்கு ஒருவருக்கு முதுகு பிடிக்கும், ஒருவருக்குத் தொடை பிடிக்கும். அப்படி ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை அவரைக் கூட்டி வந்து, பழைய புரொஃபஷனல் என்று அறிமுகப்படுத்தினார். நரைத்த மீசையையும், முழங்காலில் இறுக்கிய பட்டியையும் பார்த்துவிட்டு நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டினோம். பிறகு யாரோ பந்தை அவர் பக்கம் கண்டபடி உதைத்தார்கள். வேலை முடிந்து வந்த எசமானிடம் வீட்டு நாய் வருவதுபோல, அது அவர் காலடியில் வந்து படுத்தது.

தன் உதைபந்தாட்ட வாழ்க்கையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. காரில் கொஞ்சம், இடைவேளையில் தோடம்பழம் உரித்துக்கொண்டு கொஞ்சம். டான்யூப் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் ஊர். தகப்பன் வெல்டர். பொடியனாகவே தொழிற்சாலை அணிக்கு ஆடியிருக்கிறார். பிறகு மலைக்குள்ளே ஒரு சுரங்க ஊர், இரண்டாம் டிவிஷன். சனிக்கிழமை கோல் போட்டால் ஞாயிறு காலை யாரோ வாசலில் முட்டை வைத்துவிட்டுப் போவார்களாம். பிறகு தலைநகரின் ஒரு பெரிய அணி, அங்கே பெரும்பாலும் பெஞ்ச். பிறகு சைப்ரஸ், அந்த வெயில். பிறகு மெல்பேர்ன்: தன் நாட்டுக்காரர்கள் நடத்திய கிளப், பகலில் குளியலறைகளுக்கு டைல் பதிப்பு, மாலையில் பயிற்சி. கடைசியில் சிட்னி.

எல்லா ஊரிலும் ஒரே ஒரு விஷயம் மாறவில்லை. இறுதி ஆட்டங்களில் அவர் ஆடினார். எந்த இறுதி ஆட்டத்தையும் அவர் முடித்ததில்லை. அணி பின்னுக்கு இருந்தால் இளைய கால்களை இறக்க அவரை எடுத்தார்கள். முன்னுக்கு இருந்தால் ஒரு பின்வரிசைக்காரனை இறக்க அவரை எடுத்தார்கள். மெல்பேர்னில் அணியின் ஒரே கோலைப் போட்டவர் அவர்தான். அந்தக் கோலைக் காப்பாற்ற அவரையே வெளியே கூப்பிட்டார்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் ஜக்கெட் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கிறார், தேநீர் கொண்டுவந்தவரைப்போல.

இந்த வருடம் எங்கள் அணி முதன்முதலாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்திய வாரம், பயிற்சி முடிந்து திரும்பும்போது, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார் அவர். அதற்குப் பிறகு பந்து கிடையாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். காரில் அண்ணையும் நானும்தான் இருந்தோம். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்:

“ஒரு ஃபைனல். கடைசி விசில். நான் உள்ளே நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.”

அண்ணை ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து அவர் தோளில் தட்டி வாக்குக் கொடுத்தார். பிறகு தமிழில், எனக்கு மட்டும், “முழங்கால் தாங்குமோ தெரியேல்லை,” என்றார்.

முழங்கால் தாங்கத்தான் செய்தது. சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. முதல் இறுதி ஆட்டம், வெறும் வயிற்றோடு போகலாமா என்று கப்டனின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, அன்று மத்தியானம் வீட்டில் இலை போட்டுவிட்டார். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரியல், மட்டன் ரோல்ஸ், அதற்கு மேல் பாயாசம். எங்களுக்குத் தப்பும் வித்தை தெரியும்: இலையில் கொஞ்சம் சோற்றை மிச்சம் விட்டு, அதன்மேல் கையைக் கவிழ்த்து, வேண்டாம் வேண்டாம் என்று குனிந்துகொள்வது. அவருக்கு அது தெரியாது. அவருடைய ஊரில், கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி அவித்துக் கொடுத்த வீட்டுக்காரிக்கு நன்றி சொல்லும் முறை தட்டைத் துடைத்ததுபோல் முடிப்பது. எங்கள் ஊரில் முடிந்த இலை என்றால் இன்னும் பசி என்று அர்த்தம். அவர் மரியாதைக்கு முடித்தார். அக்கா மரியாதைக்குப் போட்டார். அவர் முடித்தார். அக்கா போட்டார். இரண்டு நாட்டு மரியாதைகளும் ஒன்றையொன்று துரத்தியதில் அந்த மனிதர் வியர்த்துப்போனார். அண்ணை சட்டியைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோன பிறகுதான் அது ஓய்ந்தது.

எதிரணி சிட்னியின் தெற்குப் பக்கத்துக்காரர்கள். பாதிப்பேர் அண்ணன் தம்பிகளும் மச்சான்மாரும். நன்றாக ஆடினார்கள். நான் வழக்கம்போல ஓடினேன். எங்கள் ஃபோர்வேர்ட், அதாவது அந்த ருமேனியர், பெனால்டி பொக்ஸின் விளிம்பில் நின்றார். வெறுமனே நின்றார். இடைவேளைக்குப் பிறகும் இரு பக்கமும் கோல் இல்லை. ஓரத்தில் மடக்குக் கதிரைகளில் இருந்த எங்கள் குடும்பத்தாருக்குப் பொறுமை போயிற்று.

“அண்ணை, ஆளை வெளியிலை எடுங்கோ,” என்று எங்கள் கோலி கோல் கம்பங்களுக்கு நடுவிலிருந்து சத்தம் வைத்தான். “ஆட்டுக்கறிதான் வயித்துக்குள்ளை ஓடுது. ஆள் ஓடேல்லை.”

மாறி மாறி ஆடும் ஒழுங்கில் அப்போது தன் முறைக்கு வெளியே வந்து ஓரத்தில் நின்ற அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரணியின் பின்வரிசைக்காரர்களுக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். ஆடாத அசையாத ஒருவரை எவ்வளவு நேரம்தான் காவல் காப்பது? ஒருவர் விலகினார், மற்றவர் என் பின்னால் வந்தார். வலது பக்கத்திலிருந்து எங்கள் ஆள் ஒரு பந்தைத் தாழ்வாக அடித்தார். அது எனக்குப் பின்னால் போனது, என்னைத் துரத்தியவருக்கும் பின்னால் போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் எங்கள் ஃபோர்வேர்ட் ஏற்கெனவே நின்றார். பாதத்தின் உள்பக்கத்தால், கதவைச் சாத்துவதுபோல, ஒரு தட்டு. வலை மெல்ல வீங்கியது.

நாங்கள் கூச்சல் போட்டோம். அவர் போடவில்லை. ஒரு கையைத் தூக்கிவிட்டு ஓரத்தைப் பார்த்தார். அங்கேதான் அவருடைய இத்தனை வருட அனுபவமும் நின்றது.

வெளியே கூப்பிடுவார்கள் என்று அவர் நினைத்தது சரி. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும். எதிரணி அலையலையாக வந்தது. பந்து எங்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் அண்ணை பயந்துவிட்டார். ஒரு பின்வரிசைக்காரரை இறங்கச் சொல்லித் தயாராக்கினார்; அண்ணையின் விரல் தன்னையறியாமலே ஃபோர்வேர்டை நோக்கி நீண்டது. அந்த மனிதர் கோபப்படவில்லை, கேள்வி கேட்கவில்லை. கால் பட்டியைத் தளர்த்தியபடி, எங்களுக்குக் கைதட்டிக்கொண்டே ஓரக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவ்வளவு பழக்கம் அவருக்கு.

அக்கா கதிரையைவிட்டு எழுந்துவிட்டார்.

“இஞ்சரப்பா, என்ன செய்யிறியள்? பந்தியிலை இருந்த ஆளை ஆரும் பாதியிலை எழுப்புறதே?”

“இது மட்ச் அப்பா. தோத்துப்போவம்,” என்றார் அண்ணை.

“தோத்தாத் தோப்பம். வாக்குக் குடுத்தது நீங்கள்தானே.”

அண்ணையின் விரல் அந்தரத்தில் நின்றது. இருபது கஜம் தள்ளி நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“அண்ணை, நான் வெளியிலை வாறன்.”

அவர் என்னை ஒரு கணம் அளந்தார். “ஓம், வா. நீ நிண்டாலும் ஒண்டுதான், போனாலும் ஒண்டுதான்.”

இப்படி ஒரு பாராட்டை எவனும் வாங்கியிருக்க மாட்டான். ஓடிப்போய், கோட்டுக்கு இரண்டடி முன்னால் ஃபோர்வேர்டை மறித்து, தோள்களைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மைதானத்தைக் காட்டினேன். என்னையும் காட்டி, நான்தான் போகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து முழங்கால் பட்டியை இறுக்கினார்.

அதன்பின் அவர் முன்னுக்கே போகவில்லை. எங்கள் கோலுக்கு முன்னால் வந்து, ஒரு கம்பத்தின் அருகே நின்றார். எதிரணிக்கு அடுத்தடுத்துக் கோர்னர் உதைகள் கிடைத்தன. பந்து வர வர, அவர் நின்ற இடத்துக்கே வந்தது. நெற்றியால், தோளால், ஒருமுறை அந்த நிறைந்த வயிற்றாலேயே வெளியே தள்ளினார். எங்கள் கோலி அவரைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னான். மன்னிப்பாகத்தான் இருக்கும்.

பிறகு விசில். நீளமாக.

உள்ளே நின்றவர்கள் துள்ளினார்கள், விழுந்தார்கள், புல்லில் உருண்டார்கள். அவர் மட்டும் அசையவில்லை. ஒரு காதை மேலே சாய்த்து, விசில் அடங்கிய பிறகும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். இந்த நேரத்தில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எல்லா ஊரிலும் ஜக்கெட்டோடு வெளியிலிருந்து உள்ளே ஓடிவந்தவர் அல்லவா அவர்? இன்று வெளியே நாங்கள் இருந்தோம். அண்ணை, அக்கா, கதிரைகளைத் தள்ளிவிட்ட பிள்ளைகள், நான். கோட்டைத் தாண்டி எல்லோரும் அவரை நோக்கி ஓடினோம். அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அசையாமல், நாங்கள் வந்து சேரட்டும் என்று நின்றார்.